ஞாயிறு வரட்டும்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் காப்பி. கம்ப்யூட்டர் அதற்குப் பிறகுதான். எங்கிருந்து தொடங்குவது என்று உன்னைக் கேட்டேன், உங்களுக்குத் தோன்றும் இடத்திலிருந்து எழுதுங்கள் என்றாய். எனக்கு இங்கிருந்துதான் தோன்றுகிறது, நேதன்.

நீ நாலாம் வகுப்பில் பட்டாணியைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி, அதன்மேல் ரொட்டியைப் போட்டு மூடிவிட்டு, "சாப்ட்டுட்டேன் மிஸ் காங்காஸ்" என்று சொல்வாய். முப்பத்தொரு வருடம் பள்ளிச் சமையலறையில் நின்றவளுக்கு ரொட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாதா? இன்று நீ ஷெரீப் அலுவலகத்துப் போலீஸ் சட்டையோடு மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய், நான் இந்தப் பக்கம் இருக்கிறேன். பரவாயில்லை. நான் ரொட்டி போட்டு எதையும் மூடப்போவதில்லை.

இறந்துபோன தம்பியின் பெயரில் எட்டு வாரம் உதவித்தொகை வாங்கினேன் என்று உன் தாளில் டைப் அடித்திருக்கிறது. வாங்கினேன். அதற்கு ஒரு கையெழுத்துப் போதும் என்றால் இப்போதே போட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். ஆனால் நீ என்னை உட்கார வைத்திருப்பது அதற்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவுக்காக.

கதவுக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருடம் பின்னால் போக வேண்டும். நம் ஊரில் லே ஆஃப் என்பது பனி விழுவது மாதிரிதான். எப்போது என்று தெரியாது, வரும் என்று தெரியும். இரும்பு விலை எங்கேயோ இறங்கும், இங்கே சுரங்கத்தில் விளக்கை அணைப்பார்கள். திரும்ப அழைக்கும்வரை வீட்டில் இரு, மாநிலம் வாராவாரம் உதவித்தொகை தரும் என்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் கம்ப்யூட்டரில் ஏழு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் பணம் வரும். சொல்லத் தவறினால் வராது. தவறாகச் சொன்னாலும் வராது.

என் தம்பி வெய்க்கோ தவறாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னான். வீட்டை விட உயரமான சுரங்க லாரியை இருபது வருடமாக ஓட்டியவன் அவன். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவான். ஆறு வருடம் முன்பு, லே ஆஃப் காலத்தில் ஒரு வாரம் அவனுக்குக் காய்ச்சல். 'இந்த வாரம் ஏழு நாளும் வேலை செய்யும் உடல்நிலையில் இருந்தீர்களா' என்பது கேள்வி. இல்லை, இரண்டு நாள் காய்ச்சல் என்று போட்டான். சுரங்கமே மூடிக் கிடக்கிறது. இல்லாத வேலையைச் செய்ய இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்று தானே போய் எழுதிக்கொடுத்தான்.

உதவித்தொகை அன்றோடு நின்றது. டாக்டர் சீட்டு கேட்டார்கள். அனுப்பினோம், வரவில்லை என்றார்கள். மறுபடி அனுப்பினோம், பழைய படிவம் என்றார்கள். காலை எட்டு மணிக்குப் போன் போட்டால் மதியம்வரை பாட்டுதான் கேட்கும். அதே பாட்டு. இன்றைக்கும் அந்த மெட்டு எனக்கு மனப்பாடம். ஒன்பது வாரம். கொதிகலனுக்கு எண்ணெய் தீர்ந்தது. அப்பாவின் படகை விற்றோம். பின்வாசல் படியின் மரக் கைப்பிடிச் சட்டத்தை வெட்டி எரித்தோம். உண்மை சொல்லிக் கெட்டவர் இல்லை என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் என் தம்பியைப் பார்த்ததில்லை.

சுரங்கத் தொழிற்சங்கக் கட்டடத்தில் அவனை என்ன பாடு படுத்தினார்கள் என்று உன் அப்பாவைக் கேள். அவரும் அங்கேதான் இருந்தார். "காய்ச்சல் வந்தா மனுஷன் டாக்டருக்குச் சொல்லுவான். நம்ம வெய்க்கோ கவர்மென்ட்டுக்குச் சொல்லுவான்" என்று ஒருவர். "அடுத்த தடவ தும்மினா கவர்னருக்கே ஒரு போன் போட்டுருடா" என்று இன்னொருவர். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். பிறகு வீட்டுக்கு வந்து, முற்றத்தில் பிக்கப் வண்டிக்குள்ளேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். எனக்கு அவனைவிட நாலு வயது அதிகம். அம்மா போனபிறகு அவனுக்கு எல்லாம் நான்தான். அந்த ஒரு மணி நேரத்தை ஜன்னலில் நின்று பார்த்தவள் நான்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அதற்குப் பிறகு அவன் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டேன்.

அதற்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஞாயிறு காலை காப்பி ஊற்றி அவனை எதிரே உட்கார வைப்பேன். கேள்வியைச் சத்தமாகப் படிப்பேன். அவன் பதில் சொல்வான். அதற்கப்புறம்தான் அழுத்துவேன். அவன் சொல்லாத பதிலை நான் ஒருபோதும் போட்டதில்லை. இதை நீ அடிக்கோடிட்டு வைத்துக்கொள்.

அது நன்றாக நடந்தது. தெருவில் ஒவ்வொருவராகத் தங்கள் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு என் சமையலறைக்கு வந்தார்கள். சங்கத்தில் இருப்பவர்களுக்கே புரியாத கேள்விகள் எனக்குப் புரிந்தன. எந்தச் சொல்லை எழுதினால் மாட்டிக்கொள்வோம், எந்தச் சொல்லை எழுதினால் சத்தமில்லாமல் போகும் என்று எனக்குத் தெரியும். என் கை பட்ட ஒரு உதவித்தொகைக் கோரிக்கையும் நின்றதில்லை. ஒன்றுகூட. இறைச்சிப் பணியாரம், புகை போட்ட மீன், வால்நட் ரொட்டி என்று கொண்டுவந்து வைப்பார்கள். "இர்யா, ஒன்னக் கண்டா அந்தக் கம்ப்யூட்டரே எந்திரிச்சு நிக்குதுடி" என்பாள் ஸ்டெஃபி. பக்கத்து வீட்டு ஸ்டெஃபி ப்ரெபிச், மருத்துவ மையத்தில் நர்ஸுக்கு உதவியாக இருப்பவள், உனக்குத் தெரியும். பள்ளிகளை ஒன்றாக இணைத்துச் சமையலறையை மூடியபிறகு என்னைத் தேடி யாரும் வந்ததில்லை. இப்போது வந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. உனக்கு எழுதித்தானே கொடுக்கிறேன், மறைக்கவில்லையே.

இந்தத் தடவை அக்டோபரில் சுரங்கம் நின்றது. டிசம்பர்வரை ஒரு குறையும் இல்லை. புத்தாண்டு கழிந்து வெய்க்கோவுக்கு இருமல் வந்தது. பிறகு படுக்க முடியவில்லை, நாற்காலியிலேயே தூங்கினான். கால் வீங்கியது. காலுறையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். சூப் கொடுத்தேன், தேன் கொடுத்தேன், கால் அமுக்கிவிட்டேன். யாரும் அவனை நான் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

அந்த ஞாயிறு கேள்வியைப் படித்தேன். ஏழு நாளும் வேலை செய்யும் உடல்நிலையில் இருந்தீர்களா.

"எந்திரிச்சு நின்னாலே மூச்சு வாங்குதுக்கா."

"கேள்விக்குப் பதில் சொல்லு. ஆமாவா, இல்லையா?"

என்னையே பார்த்தான். ஆறு வருடம் முந்தைய பாட்டு அவனுக்கும் காதில் கேட்டிருக்கும். "ஆமான்னே போடு" என்றான். போட்டேன்.

வியாழக்கிழமை மதியம் அவன் வாய்விட்டுக் கேட்டான்.

"அக்கா, துலூத்துக்குக் கூட்டிட்டுப் போ. பெரிய ஆஸ்பத்திரிக்கு."

"இன்னைக்கு வியாழன்."

"அதுக்கென்ன?"

"ஆஸ்பத்திரியில சேத்தா வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் ஒடம்பு முடியலன்னு கணக்காயிடும். அப்புறம் டாக்டர் சீட்டு, போன், பாட்டு, எல்லாம் முதல்லேருந்து. ஞாயிறு வரட்டும். காலையில இந்த வாரத்த அனுப்பிட்டு ஒம்போது மணிக்கெல்லாம் கெளம்பிரலாம்."

"அடுத்த வாரமும் ஆஸ்பத்திரியிலதானக்கா இருப்பேன். அப்ப அடுத்த ஞாயிறும் இதையேதான சொல்லுவ?"

நீ நேற்று கேட்ட அதே கேள்வியைத்தான் அவனும் கேட்டான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவனாகவே எழுந்து, கோட்டு மாட்டிக்கொண்டு, பிக்கப் வண்டிவரை நடந்துவிட்டான். சாவி வண்டியில் இல்லை. மாவு டப்பாவில் இருந்தது. அது தானாக நடந்து அங்கே போகவில்லை, நான்தான் வைத்தேன். அவனுடைய போனும் என் அறையில்தான் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கம்ப்யூட்டரில் உள்ளே நுழையும் ரகசிய எண்ணை அந்தப் போனுக்குத்தான் அனுப்புகிறார்கள், அதனால் போன் எப்போதும் என்னிடம் இருக்கும். நீ அதை வேறு மாதிரி எழுதியிருக்கிறாய். நான் வசதிக்காக வைத்திருந்தேன். இருபது நிமிடம் கழித்துப் போய் அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்தேன். கோட்டைக்கூட அவன் கழற்றவில்லை, நான்தான் கழற்றினேன்.

சங்கத்தில் நோய்க்கால உதவி என்று ஒன்று இருக்கிறது, அதற்கு விண்ணப்பித்திருந்தால் ஆஸ்பத்திரியில் கிடந்தபடியே பணம் வந்திருக்கும் என்று சொன்னாய். அந்தத் தாளை என் வீட்டு இரண்டாவது இழுப்பறையிலிருந்தே எடுத்துக் காட்டினாய், ஏதோ என்னை மடக்கிவிட்டதுபோல. எனக்குத் தெரியும், நேதன். அதை அங்கே வைத்தவள் நான். அதற்கு விண்ணப்பித்தால் இந்தக் கோரிக்கை நின்றுபோகும். நின்றால் ஊர் என்ன பேசும்? வெய்க்கோவுக்கு உடம்பு சரியில்லை என்றா பேசும்? இர்யா போட்டதுகூட நின்றுபோச்சாமே என்று பேசும். ஆறு வருடம் ஒரு தவறும் இல்லாமல் கட்டிக்காத்ததை இரண்டு நாள் பொறுக்க முடியாமல் உடைக்க வேண்டுமா? வெள்ளி, சனி. இரண்டே நாள்தான் நான் கேட்டேன்.

சனிக்கிழமையில் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்டெஃபி. சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் என் வீட்டில் காப்பி குடிப்பாள், இருபது வருடப் பழக்கம். வேண்டாம் என்றால் என்ன ஏது என்று துளைப்பாள். வந்தால் வெய்க்கோவைப் பார்ப்பாள். அவள் கண்ணுக்கு ஒரு பார்வை போதும், கோப்பையைக் கீழே வைக்கும் முன்னால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவாள்.

அதனால் மூன்று மணிக்கு, நீராவிக் குளியல் போடும் முற்றத்துச் சவுனாவில் அடுப்பை மூட்டினேன்.

இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை என்றால் நம் தெருவில் எந்த ஃபின்லாந்துக்காரன் வீட்டிலும் சவுனாவில் புகை வரும். சாராயத்துக்கும் மரத் தாருக்கும் சவுனாவுக்கும் கேட்காத நோய்க்கு மருந்தே இல்லை என்பாள் அம்மா. வெய்க்கோ பிறந்ததே அந்தச் சவுனாவில்தான். நான் பெரிய தீ போடவில்லை. உடை மாற்றும் முன்னறையில் பெஞ்சின்மேல் மெத்தை விரித்து, தலையணை வைத்து, இரண்டு கம்பளி போட்டேன். "அங்க உக்காந்தா மூச்சு சரியாகுமாக்கா?" என்று கேட்டான். "கொஞ்சம் லேசாகும்" என்றேன். என் தோளில் முழுப் பாரத்தையும் சாய்த்து நடந்தான். அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சிணுங்கல் இல்லை. அந்த நிமிடத்தில் அவன்மேல் எனக்கு இருந்த பிரியத்தை உன்னால் எந்தத் தாளிலும் நிரப்ப முடியாது. அவனை உட்கார வைத்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஸ்டெஃபி வாசலில் பனியைத் தட்டிக்கொண்டே வந்தாள். "பாரு, ஒங்க வீட்டுப் பொக கம்பு நட்ட மாதிரி நிக்குது. ஒரு எல அசையல. இன்னைக்குக் குளிர் எலும்பத் தின்னப்போவுது" என்றாள். ஏலக்காய் ரொட்டி வெட்டினேன். வெய்க்கோ எங்கே என்றாள். சவுனாவில் என்றேன். இவ்வளவு சீக்கிரமா என்றாள். வயசாகுதில்ல என்றேன். இரண்டு கோப்பை குடித்தாள், மருத்துவ மையத்தில் புதிதாக வந்த டாக்டருக்குப் பனியில் வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று அரைமணி நேரம் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

போகும்போது நானும் முற்றம்வரை கூடப் போனேன். சவுனாவின் சுவரில் கையுறையோடு இரண்டு தட்டுத் தட்டினாள். "வெய்க்கோ, நல்லா வேகுடா. வெந்ததும் வெண்ண தடவி எடுத்துக்கிறோம்."

உள்ளேயிருந்து அவன் ஏதோ சொன்னான்.

"என்னங்கறான்?"

"தண்ணி கேக்கறான். நான் கொண்டுபோய்க் குடுக்கறேன். நீ வழுக்காம போ."

சவுனாவில் ஓர் ஆண் இருக்கும்போது நம் ஊரில் எந்தப் பெண்ணும் கதவைத் திறக்க மாட்டாள். அவள் போய்விட்டாள்.

தண்ணீர் கொண்டுபோனேனா என்று கேட்டாய். இல்லை. கதவருகே போனபோது சத்தம் நின்றிருந்தது. ஒரு வாரமாகத் தூங்காதவன், தூங்கட்டும் என்று விட்டேன். நோயாளியை எழுப்பக் கூடாது என்று ஸ்டெஃபியே சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் ஞாயிறு. ஏழு மணிக்கு இரண்டு கோப்பையில் காப்பி எடுத்துக்கொண்டு சவுனாவுக்குப் போனேன். புகை இல்லை. கதவுக்கு வெளியே நின்று கேள்வியைப் படித்தேன், வீட்டில் படிப்பதைவிடக் கொஞ்சம் சத்தமாக. ஏழு நாளும் வேலை செய்யும் உடல்நிலையில் இருந்தீர்களா. பதில் வரவில்லை. காத்திருந்தேன். காப்பியின்மேல் ஆடை கட்டி, பிறகு பனி கட்டியது. திரும்பி வந்து 'ஆம்' என்று அழுத்தினேன்.

ஏன் கதவைத் திறக்கவில்லை என்று நீயும் உன் மேலதிகாரியும் மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். இதில் புரியாதது என்ன இருக்கிறது? திறந்தால் தெரிந்துவிடும். தெரிந்தபின் எழுதினால் அது பொய். நான் அந்தப் படிவத்தில் ஒருநாளும் பொய் எழுதியதில்லை.

ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்று சொன்ன வார்த்தையையும் காப்பாற்றினேன். அவனுடைய பையில் இரண்டு சட்டை, சவரச் சாமான், படிக்கும் கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்தேன். மாவு டப்பாவிலிருந்து சாவியை எடுத்து, பிக்கப் வண்டியைக் கிளப்பி, சூடேற்றி, பத்து மணிவரை உள்ளே உட்கார்ந்திருந்தேன். துலூத்துக்குப் போகும் பாதையில் பனி நீக்கியிருந்தார்கள். அவன்தான் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். பனி முழங்கால் அளவு விழுந்தாலும் கதவுவரை பாதை வெட்டுவேன். இரண்டு கோப்பை எடுத்துப்போவேன். படிப்பேன், காத்திருப்பேன், வந்து அழுத்துவேன். நீ எட்டு வாரம் என்கிறாய். நான் அந்தக் கதவருகே நின்றது ஒன்பது ஞாயிறு. என் கணக்குத் தப்பாது.

என்னைப் பிடித்தது உங்கள் மாநில அலுவலகம் இல்லை. அவர்கள் ஒன்பது வாரமும் நன்றி சொல்லிப் பணம் அனுப்பினார்கள். காய்ச்சல்காரனைக் கண்டுபிடித்து நிறுத்தியவர்களுக்கு இது தெரியவில்லை. என்னைப் பிடித்தது புகை. சனிக்கிழமை வரும், தெருவில் எல்லாப் புகைபோக்கியும் புகையும், எங்களுடையது சும்மா நிற்கும். அதை நான் யோசிக்கவே இல்லை. படிவத்தில் ஒரு புள்ளி விடாதவள் கூரையைப் பார்க்க மறந்துவிட்டேன்.

"என்னடி, ஒங்க சவுனா வேலைநிறுத்தமா?" என்றாள் ஸ்டெஃபி. அடுப்பின்மேல் அடுக்கும் கல் வெடித்துவிட்டது என்றேன். வெய்க்கோ எங்கே என்றாள். ஏரிக்கரைக் குடிசையில் மீன் பிடிக்கிறான் என்றேன். இரண்டும் பொய்தான். ஆனால் ஸ்டெஃபியிடம் சொன்ன பொய், படிவத்தில் எழுதியது இல்லை. "அங்க என்ன, கடல்கன்னி எதுவும் கெடச்சுட்டாளா?" என்றாள். சிரித்தோம். ஆனால் போகும்போது ஒரு தடவை திரும்பி எங்கள் கூரையைப் பார்த்தாள்.

மார்ச் முதல் வாரத்தில் சுரங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வெய்க்கோ காங்காஸ் திங்கட்கிழமை பதினெட்டாம் தேதி காலை வேலைக்கு வரவும் என்று. தெருவே கொண்டாடியது. நான் அதை எடுத்துப்போய்க் கதவருகே நின்று முழுவதும் படித்துக் காட்டினேன். அந்த ஞாயிறு ஐந்தாவது கேள்வி, 'வேலைக்கு அழைக்கப்பட்டு மறுத்தீர்களா?' என்னிடம் அவன் மறுக்கவில்லை. இல்லை என்று போட்டேன்.

பதினாறாம் தேதி சனிக்கிழமை ஸ்டெஃபி குழந்தைகள் விளையாடும் பனிச்சறுக்குப் பலகையில் கல்லை ஏற்றி இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுக்காரர் ஏரிக்கரையில் பொறுக்கிவைத்த நல்ல கருங்கற்கள். "திங்கக்கெழம வேலைக்குப் போறவன் குளிக்காமயா போவான்? நானே அடுக்கி வெச்சிட்டுப் போறேன்" என்று முற்றத்திலிருந்தே கத்தினாள். நான் தடுக்கவில்லை. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். அவள் கையுறையைக் கழற்றினாள். கதவின் வெளித் தாழ்ப்பாளைத் தூக்கினாள்.

இப்போது நீ கேட்ட இடத்துக்கு வந்துவிட்டோம்.

தாழ்ப்பாளை நான்தான் போட்டேன். அன்று சனிக்கிழமை, மூன்றரை மணிக்கு, அவனுக்குக் கம்பளி போர்த்திவிட்டு வந்தபோது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளும் என்று போட்டேன். ஒரு இலை அசையவில்லை, புகை கம்பு நட்டதுபோல நின்றது என்று ஸ்டெஃபி உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நானே மேலே அதை எழுதியிருக்கிறேன், நீ திருப்பிப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. அன்று காற்று இல்லை. பிறகு வரலாம் இல்லையா? இந்த ஊரில் காற்று சொல்லிக்கொண்டா வருகிறது?

அவன் பெஞ்சில் இல்லை, கதவடியில் கிடந்தான் என்றாய். இருக்கட்டும்.

சுவரைத் தட்டியபோது அவன் தண்ணீர் கேட்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ரொட்டிக்கு அடியில் மிச்சம் வைக்க மாட்டேன் என்று சொன்னேனே. அவன் சொன்னது மூன்று வார்த்தை. "ஸ்டெஃபி, கதவத் தெற." ஸ்டெஃபிக்கு அது சரியாகக் கேட்கவில்லை, தலையில் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். எனக்குக் கேட்டது. பிறந்ததிலிருந்து அவன் குரலைக் கேட்டவள் நான், சுவருக்கு அந்தப் பக்கம் என்றாலும் தெரியும். மணி ஐந்தாகப் போகிறது. சனிக்கிழமை முடிய இன்னும் ஏழு மணி நேரம்தான் பாக்கி. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைக் கெடுக்க வேண்டுமா?

செய்தேன், நேதன். சாவியை ஒளித்தேன், போனை வைத்துக்கொண்டேன், தாழ்ப்பாளைப் போட்டேன், அவன் கூப்பிட்டதை மாற்றிச் சொன்னேன். வருந்துகிறீர்களா என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறாய். அதைக் காலியாக விடுகிறேன். வேலை இல்லாத ஊரில் வேலைக்குத் தகுதியாக இருந்தாயா என்று வாராவாரம் கேட்டது நான் இல்லை. இரண்டு நாள் காய்ச்சலுக்கு ஒன்பது வாரம் ஒரு மனிதனைக் குளிரில் போட்டது நான் இல்லை. அந்த வியாழக்கிழமை மறுபடி வந்தாலும், உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு, அதையேதான் சொல்வேன். ஞாயிறு வரட்டும்.

நாளைக்கும் ஞாயிறுதான். சுரங்கம் திரும்ப அழைக்காத நாலு பேர் நம் தெருவில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் பாஸ்வேர்டெல்லாம் என் தலையில்தான் இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் எனக்குக் கம்ப்யூட்டர் கொடு. அவர்கள் கோரிக்கை நின்றால் அந்தப் பாவம் உன்னைச் சேரும்.

கடைசியாக ஒன்று கேட்டாய். அவன் இறந்துவிட்டான் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா, ஆம் இல்லை என்று மட்டும் எழுதுங்கள் என்றாய். ஆம் இல்லை கேள்விகளில் என்னைவிடப் பழக்கமானவர் இந்த மாவட்டத்தில் யாரும் இல்லை. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவன் வெய்க்கோ. ஒன்பது ஞாயிறு, கையில் காப்பியோடு, அந்தக் கதவருகே நின்று அவனிடமே கேட்டேன். அவசரப்படுத்தவில்லை, ஒவ்வொரு தடவையும் காப்பி உறையும்வரை காத்திருந்தேன். இல்லை என்று அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.